இளவேனிலில் மனைத்தோட்டம்

திருத்தணிகை மலையடியில் வாழ்வார்க்கு வேனிலின் வரவை அறியப் பஞ்சாங்கம் வேண்டுவதில்லை. பங்குனி கழியுமுன்னரே, 365 படிகளையும் வெறுங்காலுடன் ஏறும் அடியார்கள் நிழலை நாடி விரையத் தொடங்குவர். சித்திரை வைகாசிகளில் வெயில் 40 டிகிரி செல்சியசைக் கடத்தல் இவ்வூரிற் பலகாலும் கண்டதே. ஐப்பசி கார்த்திகை மழையில் நிறைந்த கிணறும் நாளுக்கு நாள் தாழும். ஆதலின் ஈண்டுத் தோட்டமிடுவோன் முதற்கண் வினவத்தக்கது, எதை விதைப்பது என்பதன்று. எத்தனை குடம் நீர் உண்டு என்பதேயாம்.

பத்தடிச் சதுரமான பாத்தியில் ஓரங்குல உயரம் நீர் பாய்ச்ச ஏறக்குறைய 236 லிட்டர் வேண்டும்; அஃதாவது, 15 லிட்டர்க் குடத்தால் பதினாறு குடம். இதனை எண்ணாதார் மாலைதோறும் இரண்டு குடத்தைப் பாத்தி முழுதும் தெளித்து, மேல்மண் கறுத்தது கண்டு மகிழ்வர். அந்நீர் ஆழ இறங்காது மறுநாள் வெயிலில் ஆவியாய்ப் போம். வேரும் மேலேயே படர்ந்து வாடும். பாத்தியைக் காற்பங்காகச் சுருக்கி, சேர்த்த நீரை மூன்று நாட்கு ஒருமுறை செடியின் அடியில் ஆழ விடுதலே தக்கது.

சுருக்குவதெனின் சிலவற்றைக் கைவிடவேண்டும். தை முதற் காய்த்த செடியைப் பிடுங்க எவர்க்கும் மனம் வாராது. எனினும் தக்காளியிடத்து இரக்கம் பயனற்றது. கடும்வெப்பத்தில் அதன் மகரந்தம் கெட்டுப் பூவுதிரும். கத்தரியை அங்ஙனம் அழித்தல் வேண்டா. ஒரு சாண் விட்டு அரிந்துவிடின், சிறிது நீரால் உயிர்தாங்கி மழையிற் றுளிர்க்கும்.

எஞ்சிய இடத்திற்குக் கொத்தவரையும் வெண்டையும் ஏற்றவை. வெண்டை விதையை ஓரிரவு ஊறவைத்து ஊன்றுக. இலைநரம்பு மஞ்சளித்த செடியைக் கண்டவுடன் களைக. வெள்ளை ஈயால் அந்நோய் ஏனையவற்றிற்கும் பரவும். புளிச்சகீரையும் வெயில் தாங்குவது. 1960-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டத்தினின்று சென்னை மாநிலத்தோடு இணைந்த ஊராதலின், கோங்கூரா என்னும் தெலுங்குப் பெயரும் இங்கு எவர்க்கும் புதிதன்று. பாத்திரம் கழுவும் நீர் வாழைக்குச் செல்க.

விதையாத பாகத்தைக் கொத்திப் புரட்டி வெயில் காயவிடுக. கோரைக்கிழங்கும் புழுக்கூடுகளும் மாயும். விதைத்த பாகத்திற்குச் சருகை மூவிரற் கனம் பரப்புக. தண்டைத் தொடுமாறு குவியற்க. கறையான் ஏறும்.

விடுமுறையில் ஊர்செல்லும் மாணவர்க்குப் பானை முறை ஒன்றுண்டு. கி.மு. முதல் நூற்றாண்டுச் சீன உழவு நூலொன்றிலும் இது கூறப்பட்டுள்ளது. மெருகிடாத மட்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிறைத்து, சுற்றிலும் பூசணியோ பாகலோ ஊன்றுக. மண் உலர உலர நீர் பானையின் நுண்துளை வழியே கசிந்து வேரை அடையும். நிரப்ப அண்டைவீட்டார் சில நாட்கு ஒருமுறை வந்தாற் போதும். வாயை ஓட்டால் மூடுக. இன்றேல் கொசு பெருகும்.