கிறிஸ்துமஸ் வீட்டில் ஒரு காமிரா

டிசம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டைப் பக்கம் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் ஏறிவிடும். உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ கிறிஸ்துமஸ் கொண்டாடுவார்களானால், சென்ற ஆண்டு எடுத்த படங்களை ஒருமுறை வரிசையாகப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் என்ன இருக்கும்? புதுச் சட்டையோடு எல்லோரும் அணிவகுத்து நிற்பார்கள். கேக் வெட்டுவார்கள். மறுபடியும் அணிவகுப்பு. ஆச்சியைத் தேடினால் (திருநெல்வேலிச் சீமையில் பாட்டியைப் பலரும் அப்படித்தான் அழைப்பார்கள்) பின்னால், சுவரோரத்து இருட்டில் மூக்குக்கண்ணாடி மட்டும் தெரியும். மூன்று நாட்களாக அடுப்படியில் நின்று பண்டிகையை உண்டாக்கியவர் அவர். அவரை இருட்டில் தள்ளியது இயற்பியல் விதி ஒன்று. அதைப் புரிந்துகொண்டால் ஆச்சியை மீட்டுவிடலாம். பண்டிகை முழுவதையும் பத்துப் பன்னிரண்டு படங்களில் ஒரு கதையாகவும் சொல்லிவிடலாம்.

ஃபிளாஷ் விளக்கு ஒரு புள்ளி போன்ற சிறிய ஒளிமூலம். அதிலிருந்து புறப்படும் ஒளி, தொலைவு இரு மடங்கானால் நான்கு மடங்கு பரப்பிலும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு பரப்பிலும் பரவ வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு பொருளின்மேல் விழும் ஒளி, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. இதைப் பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்விலும் எழுதியிருப்பீர்கள். இப்போது வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவருவோம். முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் காமிராவிலிருந்து 1 மீட்டரிலும், ஆச்சி 3 மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். குழந்தைகளின் முகத்தில் விழும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்குதான் ஆச்சிக்குப் போய்ச் சேரும். நீங்கள் 2 மீட்டர் பின்னால் நகர்ந்து நின்றால் தொலைவுகள் 3, 5 என ஆகின்றன. இப்போது ஆச்சியின் பங்கு 25-இல் 9, அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். ஆச்சி இருந்த இடத்திலேயே இருக்கிறார், நகர்ந்தவர் நீங்கள். ஆனால் கைப்பேசியிலுள்ள குட்டி ஃபிளாஷ் 5 மீட்டருக்கு எட்டுவது கடினம். அதை அணைத்துவிட்டு, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒளியைத் தேடிப் போவதே மேல்.

கதை என்றேனே, அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1948 செப்டம்பர் 20 தேதியிட்ட அமெரிக்க ‘லைஃப்’ இதழில் யூஜீன் ஸ்மித் என்பவர் ஒரு கிராமத்து மருத்துவரைப் பற்றிய படக்கதையை வெளியிட்டார். கொலராடோ மாநிலத்துக் கிரெம்லிங் என்னும் சிற்றூரில் அந்த மருத்துவரோடு 23 நாட்கள் கூடவே திரிந்து எடுத்த படங்கள் அவை. அவற்றுள் பெரும்புகழ் பெற்ற படத்தில் மருத்துவம் ஏதும் நடக்கவில்லை. பிரசவத்தில் தாயையும் குழந்தையையும் காப்பாற்ற முடியாமல்போன மருத்துவர், கையில் காப்பிக் கோப்பையோடு சமையலறை மேடையில் சாய்ந்து நிற்கிறார். அவ்வளவுதான். அவருடைய வேலை எப்படிப்பட்டது என்பதை அந்த ஒரு படம் சொல்லிவிடுகிறது. நம் வீட்டுக் கதையிலும் இப்படி ஒரு படம் இருக்க வேண்டும். பலகாரமெல்லாம் டப்பாவில் அடைத்தபின் அடுப்படி வாசற்படியில் ஆச்சி சற்றே உட்காரும் அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

கதை 23-ஆம் தேதியே அடுப்படியில் தொடங்குகிறது. நல்ல ஒளிக்குச் சாளரத்தை நம்புங்கள். சாளரம் அகன்ற ஒளிமூலம் ஆதலால், அதன் அருகே ஒளி ஃபிளாஷில்போல் அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. நிழல்களும் மென்மையாக விழும். டிசம்பரில் கதிரவன் தெற்கே சாய்ந்திருக்கிறான். பாளையங்கோட்டையில் நண்பகலிலும் அவன் உயரம் சுமார் 58 பாகைதான். ஆகவே தெற்குச் சாளரத்தில் நேர்வெயில் சுள்ளென்று விழும். வடக்குச் சாளரத்தில் வான ஒளி மட்டுமே வரும். முகங்களுக்கு அதுவே உகந்தது.

இப்போது அச்சு முறுக்கு சுடுவதைக் கவனியுங்கள். மாவில் தோய்த்த அச்சை எண்ணெயில் இறக்கி, மெல்ல மேலும் கீழுமாக ஆட்டினால் முறுக்கு கழன்று விழும். அந்த ஆட்டம் ஏறக்குறைய ஒரு சீரிசை இயக்கம். வீச்சு 2 செ.மீ., வினாடிக்கு 3 அலைவுகள் என்று வைத்துக்கொண்டால், நடுப்புள்ளியில் அச்சின் திசைவேகம் வினாடிக்குச் சுமார் 38 செ.மீ. ஷட்டர் 1/30 வினாடி திறந்திருந்தால், அதற்குள் அச்சு 12 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், படம் கலங்கும். ஆனால் அலைவின் முனையில் திசைவேகம் சுழி அல்லவா? அதே 1/30 வினாடியில் அங்கு நகர்வது சுமார் 1 மில்லிமீட்டர்தான்! தனி ஊசலில் படித்த அதே பாடம். அச்சு மேலே ஏறித் திரும்பும் கணத்திற்குச் சற்று முன்னால் விரலை அழுத்துங்கள். சிரிப்பு, கைதட்டல், ஊஞ்சல் எல்லாவற்றிலும் இப்படி நின்று திரும்பும் கணம் ஒன்று உண்டு. (கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு ஒரு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். ஆச்சி திட்டினால் அது நியாயமே.)

24-ஆம் தேதி மாலை நட்சத்திரத்தின் முறை. விளக்குப் போட்ட நட்சத்திரத்தை எல்லோரும் நன்றாக இருட்டியபின் எடுக்கிறார்கள். கறுப்புத் தாளில் ஒரு வெள்ளை ஓட்டை போட்டாற்போல் வருகிறது. வீடு இல்லை, வானம் இல்லை. வெளிச்சம் இருக்கும்போது எடுத்தாலோ நட்சத்திரம் வெளிறிப்போகிறது. வானத்தின் ஒளியும் விளக்கின் ஒளியும் சமமாகும் ஒரு நேரம் இடையில் வருகிறது. அன்று பாளையங்கோட்டையில் கதிரவன் மறைவது 6.10 மணி அளவில். அடுத்த 22 நிமிடங்களுக்குள் கதிரவன் தொடுவானத்திற்குக் கீழே 6 பாகை இறங்கிவிடுகிறான்; வெளியே உள்ள ஒளியும் நூறில் ஒரு பங்கிற்குக் கீழே போய்விடுகிறது. நம் நாட்டில் கதிரவன் செங்குத்தாக இறங்குவதால் இவ்வளவு விரைவு. அதே நாளில் லண்டனில் சாய்வாக இறங்குவதால் சுமார் 40 நிமிடம் பிடிக்கிறது. ஆக, உங்களுக்குக் கிடைப்பது 6.25 முதல் 6.35 வரை பத்தே நிமிடம். அப்போது வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும். மஞ்சள் விளக்கு அதில் எடுப்பாகத் தெரியும். அந்த நீலத்துக்கு ஒளிச்சிதறலோடு ஓசோனும் காரணம். ஆரஞ்சு நிறக் கதிர்களில் ஒரு பகுதியை அது உறிஞ்சிக்கொள்கிறது. ஊசிக்கோபுரம் என்று ஊரார் அழைக்கும் தூய திரித்துவப் பேராலயத்தை (1826) எடுப்பதற்கும் இதே பத்து நிமிடந்தான் சிறந்தது.

இரவில் சிறுவர்கள் குடில் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஆச்சிக்குப் பகையாக இருந்த அதே விதி இங்கே நட்பாகிறது. ஒரு மெழுகுவர்த்தி 1 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 1 லக்ஸ் ஒளி தரும். (நண்பகல் வெயில் 1,00,000 லக்ஸ் அளவு.) ஆனால் குனிந்து ஏற்றும் சிறுமியின் முகம் சுடரிலிருந்து 25 செ.மீ. தொலைவில் இருந்தால் 16 லக்ஸ்! பல கைப்பேசிகளில் காணப்படும் எஃப் 1.8 துளையும், 1600 ஐ.எஸ்.ஓ. உணர்திறனும் கொண்டு கணக்கிட்டால் 1/30 வினாடி போதும். முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொள்ளுங்கள். திரையில் சுடரின்மேல் அல்லாமல் அவள் கன்னத்தின்மேல் விரலை வையுங்கள். தொட்ட இடத்தைக் கொண்டுதான் காமிரா ஒளியை அளக்கிறது.

சீரியல் விளக்குகளைப் பற்றி ஒரு சொல். நம் மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்று. பல விளக்குகள் அதற்கேற்ப வினாடிக்கு 50 அல்லது 100 முறை மங்கி எழுகின்றன. நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. 1/1000 வினாடியில் எடுத்தால் சரத்தில் பாதி அணைந்தோ, படத்தில் பட்டை பட்டையாகவோ வரும். 1/50 வைத்தால் தொல்லை இல்லை.

அதிகாலை ஆராதனையில் படம் எடுக்கலாமா என்பதை முன்கூட்டியே பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுப்பதைவிடக் கழிப்பது கடினம். இருநூறு படங்கள் சேர்ந்திருக்கும், பன்னிரண்டு போதும். வாசலும் நட்சத்திரமும் தெரியும் அகன்ற படம் ஒன்று, மாவு ஒட்டிய கைகள் நெருக்கமாக ஒன்று, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் முகங்கள் சில என்று தொலைவை மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஒரே தொலைவில் எடுத்த படங்கள் தொடர்ந்து வந்தால் பார்ப்பவர் சலித்துப்போவார். அணிவகுப்புப் படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஒன்று இருக்கட்டும். இன்னொன்றும் கவனியுங்கள். படம் எடுப்பவர் எந்தப் படத்திலும் இருப்பதில்லை. ஒரு பத்து நிமிடம் காமிராவை ஆச்சியிடமே கொடுத்துப் பாருங்கள். அவர் பண்டிகையை எந்த உயரத்திலிருந்து, எந்த மூலையிலிருந்து பார்க்கிறார் என்பது தெரியவரும்.

பன்னிரண்டையும் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், படத்தில் இருப்போர் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். பென்சில் பிடிக்காத வழவழப்பான தாளாக இருந்தால், படத்தை ஒரு காகித உறையில் இட்டு உறையின்மேல் எழுதிவைக்கலாம்.