சண்டைக்கு எத்தனை சதவீதம்?

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய கேம் திட்டத்தை முழுவதும் படித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் செண்பகத்தோப்புக் காட்டில் தொடங்கி, மலையடிவாரத்தில் மண்மூடிக் கிடக்கும் ஒரு பழைய மண்டபத்தில் முடிகிற கதை. கையில் கோலும் முதுகில் வில்லுமாக ஒரு பெண். படங்கள் மிக நன்றாக வந்திருக்கின்றன. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, சண்டை 40 சதவீதம், புதிர் 30, தேடல் 30 என்று கூறு பிரித்திருக்கிறாயே, எனக்கு அங்கேதான் மனம் நின்றுவிட்டது. ‘இந்தக் கணக்கு சரியா மாமா?’ என்று கேட்டிருக்கிறாய். அந்த வட்டத்தையே அழித்துவிடு என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

கேம் ஆடுகிறவர் கடிகாரத்தைப் பார்த்து ஆடுவதில்லை. ஐந்து நிமிடச் சண்டையில் விரல்கள் ஓய்ந்துவிடும். மலைப்பாதையில் பத்து நிமிடம் நடந்தால், பார்க்க ஏதாவது இருக்கும்வரை அது நடந்ததாகவே தெரியாது. ஒன்றும் இல்லையென்றால் அதே பாதை முடிவில்லாமல் நீளும். அதனால் நேரத்தைப் பங்கு போட்டுச் சமநிலை கொண்டுவர முடியாது. நீ உன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: சண்டையில் பழகியது புதிரில் கைகொடுக்கிறதா? புதிரில் புரிந்துகொண்டது பாதை தேட உதவுகிறதா? தேடிக் கண்டெடுத்தது மறுபடி சண்டைக்கு வருகிறதா? ஒன்றின் வேலையில் மற்றது கை வைக்கும்படி அமைந்துவிட்டால், எது எத்தனை சதவீதம் என்று ஆடுகிறவருக்கு எண்ணவே தோன்றாது.

நம் நாட்டிலேயே இதைப் படித்துப் பார்க்க ஒரு நல்ல கேம் இருக்கிறது. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’. 2017இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் திரட்டப் பார்த்தார்கள், இலக்கை எட்டவில்லை. அப்படியும் விடாமல் செய்து முடித்தார்கள். அசுரர்கள் தூக்கிப்போன தம்பி கோலுவைத் தேடிப் புறப்படும் ராஜி, வித்தை காட்டிப் பிழைக்கும் பெண். சுவரில் ஓடி ஏறுவாள், தூணைப் பற்றிச் சுழல்வாள், இடுக்குகளைத் தாவிக் கடப்பாள். இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், பாதையைக் கடக்க அவள் செய்யும் அதே வித்தைகள் சண்டையிலும் ஆயுதமாகின்றன. தூணைச் சுற்றிச் சுழன்று திரிசூலத்தால் வீசலாம், சுவரில் கால் வைத்து எகிறி எதிரிமேல் பாயலாம். சண்டை நடக்கும் முற்றத்தில் தூண் எங்கே இருக்கிறது என்று நம் கண் தானாகவே தேட ஆரம்பித்துவிடும். தேடலும் சண்டையும் அங்கே ஒன்றாகிவிட்டன.

புதிர் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. வட்ட வட்டமாக வெட்டிய படத்தின் துண்டுகளைத் திருப்பித் திருப்பிச் சேர்க்க வேண்டும். பார்வைக்கு அழகுதான். ஆனால் ராஜியின் உடம்புக்கும் ஆயுதத்துக்கும் அங்கே வேலையே இல்லை. யோசிக்கவும் அதிகம் இல்லை. அந்தப் புதிர்களை எடுத்துவிட்டாலும் மற்ற இரண்டுக்கும் எந்தக் குறையும் வராது. உன் திட்டத்தில் இருக்கும் கல்கட்டைப் புதிருக்கும் இதே சோதனையை வைத்துப் பார். எடுத்தால் வேறெதுவும் அசையவில்லை என்றால் அது அங்கே இருக்கக் கூடாது.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 1986இல் வந்த ‘மெட்ராய்டு’ கேமில், சுற்றித் திரிந்து கண்டெடுக்கும் ஏவுகணை எதிரியையும் வீழ்த்தும். அதையே சிவப்புக் கதவின்மேல் ஐந்து முறை செலுத்தினால் கதவும் திறக்கும். தேடலுக்குப் பரிசு, சண்டைக்கு ஆயுதம், கதவுக்குச் சாவி: ஒரே பொருள், மூன்று வேலை. ‘செல்டா’ வரிசையில் 2017இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. அதில் இரும்பை இழுக்கும் காந்த சக்தி ஒன்று தருகிறார்கள். இரும்புப் பலகையைத் தூக்கிப் பள்ளத்தின் குறுக்கே பாலமாகப் போடலாம். குளத்துக்கு அடியில் கிடக்கும் பெட்டியை மேலே இழுக்கலாம். இரும்புப் பெட்டியைத் தூக்கி எதிரியின் தலையில் போடலாம். எது புதிர், எது சண்டை என்று யாரும் பிரித்துச் சொல்லிக் கொடுப்பதில்லை.

உன் கேமுக்கும் அப்படி ஒரு சக்தி வேண்டும். வெளியே தேட வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலிலேயே இருக்கிறது. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிக்கொண்டு ஆண்டாள் அழகு பார்த்த இடம் என்று கண்ணாடிக் கிணற்றைக் காட்டுவார்களே, நினைவிருக்கிறதா? தண்ணீரே கண்ணாடி. அதை எடுத்துக்கொள். கோயிலை அப்படியே கேமுக்குள் வைத்து அங்கே அடிதடி நடத்த வேண்டாம். அது நான்கு பேர் கும்பிடும் இடம். உன் கற்பனை மண்டபத்தில் ஒரு கிணறு இருக்கட்டும். நேரில் பார்த்தால் தெரியாத ஒன்று, தண்ணீரில் பார்த்தால் தெரியும் என்பது மட்டும் விதி.

முதல் கிணற்றில் அவள் எட்டிப் பார்க்கிறாள். மேற்கூரையில் மண் அப்பிய வெறும் கல். ஆனால் தண்ணீரில் தெரியும் கூரையில் ஒரு கிளியின் உருவம், அதன் அலகு ஒரு தூணைக் காட்டுகிறது. அந்தத் தூணைத் தள்ளினால் வழி. இது புதிர். அடுத்து, காட்டு ஓடையைக் கடக்கிறாள். கரையில் புதர்தான். ஓடையில் தெரியும் பிம்பத்தில் அந்தப் புதருக்கு நடுவே படிக்கட்டு. இது தேடல். மூன்றாவதாக, மழை பெய்து முற்றமெல்லாம் தண்ணீர் தேங்கிய இரவில், கண்ணுக்குத் தெரியாத எதிரி வருகிறான். அவன் பிம்பம் மட்டும் தேங்கிய நீரில் நகர்கிறது. தரையைப் பார்த்துக்கொண்டே கோலைச் சுழற்ற வேண்டும். அவன் தண்ணீரை மிதித்துக் கலக்கிவிட்டால் அலை அடங்கும்வரை தப்பி ஓட வேண்டும். இது சண்டை. கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. மூன்று இடத்தில் மூன்று விதமாகக் கைகொடுக்கிறது. வரிசையையும் கவனி: உயிர்ப்பயம் இல்லாத இடத்தில் முதலில் சொல்லிக் கொடுக்கிறோம், ஆபத்தான இடத்தில் பிறகு கேட்கிறோம். இதைத் தலைகீழாக வைத்தால் ஆடுகிறவர் காரணம் தெரியாமலே செத்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது அந்த யானை. ஐந்தாம் கட்டத்தில் யானையைப் ‘பாஸ்’ ஆக நிறுத்தி வில்லால் அடித்துச் சாய்க்கச் சொல்கிறாய். இது எனக்கு உடன்பாடில்லை. செண்பகத்தோப்பு இருக்கும் மலைப்பகுதி 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அங்கே யானையோடு யாரும் மல்லுக்கு நிற்பதில்லை. சாணம் சூடாக இருக்கிறதா, கிளை இப்போதுதான் ஒடிந்ததா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து ஒதுங்குவார்கள். அதையே ஆட்டமாக்கு. அடையாளம் பார்ப்பது தேடல், காற்றைக் கணக்கிட்டு வழி முடிவு செய்வது புதிர், யானை திரும்பும் அந்த நொடியில் வரும் படபடப்பு எந்தச் சண்டைக்கும் குறைந்ததில்லை. 2005இல் வந்த ‘ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்’ கேமைக் கட்டாயம் பார். மொத்தமே 16 ராட்சத உருவங்கள், இடையில் சில்லறை எதிரிகள் கிடையாது. வாளை வெயிலில் உயர்த்தினால் ஒளி திரண்டு வழி காட்டும். ஒவ்வொரு ராட்சதனும் ஏறிக் கடக்க வேண்டிய மலை, விடுவிக்க வேண்டிய புதிர், வெல்ல வேண்டிய எதிரி எல்லாம்.

அணிலையும் விட்டுவிடாதே. அது பெரும்பாலும் தரைக்கு இறங்காது, கிளைக்குக் கிளை தாவியே போகும். மரக்கிளைகள் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றனவோ அங்கேதான் அதன் பாதை. திரையில் மஞ்சள் அம்பு போடுவதற்குப் பதிலாக அணில் போகும் திசையைப் பார்க்க வை.

தேடலைப் பற்றிப் பேசும்போது இடத்தின் அமைப்பையும் சொல்ல வேண்டும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் வரும்போது இடப்பக்கம் மலைத்தொடர் கூடவே வருவதைப் பார்த்திருப்பாய். ஊரை நெருங்க நெருங்க 11 நிலைக் கோபுரம் மரங்களுக்கு மேலே தலை காட்டும், கட்டிடம் மறைக்கும், மறுபடி தெரியும். அந்த மறைவும் தெரிவும்தான் மனிதனை நடக்க வைக்கிறது. ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ செய்தவர்கள் 2017இல் ஜப்பானில் ஒரு மாநாட்டில் இதையே விளக்கினார்கள்: நிலத்தையெல்லாம் சிறிதும் பெரிதுமான முக்கோணங்களாக அமைத்தார்களாம். பெரியது தூரத்து அடையாளம், நடுத்தரமானது பார்வையை மறைக்க, சிறியது நடையில் மாற்றம் தர. உன் வரைபடம் இப்போது ஒரே சமதரையாக இருக்கிறது. ராஜபாளையத்தை ஒட்டி நிற்கும் சஞ்சீவி மலை மாதிரி ஒரு குன்றை நடுவே வை. ஏறலாமா சுற்றிப் போகலாமா என்ற யோசனை தானாக வரும்.

மேற்குத் தொடர்ச்சி மலையையே களமாக வைத்த பெரிய கேம் ஒன்று உண்டு. நாட்டி டாக் நிறுவனம் 2017இல் வெளியிட்ட ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’. க்ளோயி, நடீன் என்ற இரண்டு பெண்கள் ஹொய்சாள நாட்டில் பிள்ளையாரின் தந்தத்தைத் தேடிப் போகிறார்கள். அந்த மலைத்தொடரின் பெயரிலேயே ஒரு அத்தியாயம் இருக்கிறது, அதை மட்டும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து ஆடு. முதலில் ஒரு கோபுரத்தில் ஏற வைக்கிறார்கள். மேலிருந்து மூன்று கோட்டைகள் தெரிகின்றன, அவற்றைக் க்ளோயி தன் வரைபடத்தில் குறித்துக்கொள்கிறாள். எந்தக் கோட்டைக்கு முதலில் போவது என்பது நம் விருப்பம். இடையில் ஜீப், சேறு, அருவி. ஆயுதக்காரர்கள் இருக்கும் இடங்களில் புல்லுக்குள் பதுங்கியும் போகலாம், மோதியும் பார்க்கலாம். கோட்டைக்குள் புதிர். ஓரிடத்தில் நீ ஒரு தாவல் தாவினால் கோடரி ஏந்திய சிலைகளும் ஒரு வீச்சு வீசும். அடுத்த அடியை யோசித்துத்தான் வைக்க முடியும். விருப்பப்பட்டவர்களுக்கு 11 வில்லைகள் அங்கங்கே ஒளிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு கைவளை கிடைக்கும், புதையல் பக்கத்தில் இருந்தால் அது உணர்த்தும். தேடினவருக்குக் கிடைக்கும் பரிசு மேலும் தேடுவதற்கான கருவி என்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம். உன் கேமில் மூலைக்கு மூலை பொற்காசு வைத்திருக்கிறாய். காசை எடுத்து என்ன செய்வது என்று திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

இனி தாளகதி. ஆடிப்பூரத் தேரை யோசித்துக்கொள். நேர்த் தெருவில் வடம் பிடித்து இழுக்கும்போது ஒரே ஆரவாரம். முனை வந்ததும் முட்டுக்கட்டை போட்டு, நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பிறகுதான் அடுத்த தெரு. சண்டை கையைக் களைக்க வைக்கும், புதிர் தலையைக் களைக்க வைக்கும். பெரிய சண்டை முடிந்த கையோடு கடினமான புதிரைக் கொண்டுவந்து நீட்டாதே. நடுவில் நடக்க விடு. புதிரைப் பார்த்து ஒருவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது முதுகுப் பக்கம் எதிரியை விடவே விடாதே. உன் மூன்றாம் கட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு நீளமான தாளில் முதல் அரை மணி நேரத்தைக் கோடாகப் போட்டு, மூன்றுக்கும் மூன்று வண்ணம் தீட்டிப் பார். ஒரே வண்ணம் நெடுக ஓடினால் அங்கே கை வை.

ஆடுகிறவர் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் காரணம் மூன்றில் ஒன்று. கண்ணில் படவில்லை, அல்லது புரியவில்லை, அல்லது புரிந்தும் கை செய்யவில்லை. புரியாமல் நிற்பது மட்டும்தான் உண்மையான புதிர். கண்ணில் படவில்லை என்றால் வெளிச்சத்தை, கேமராவை, இடத்தை மாற்று. கை செய்யவில்லை என்றால் தாவும் தூரத்தைக் குறை, நேரத்தைக் கூட்டு. மூன்றுக்கும் ஒரே மருந்தாகத் துணைப் பாத்திரத்தை விட்டு விடையைச் சொல்ல வைப்பதை ஒருபோதும் செய்யாதே. 2022இல் வந்த ‘காட் ஆஃப் வார்: ராக்னராக்’ எவ்வளவோ நல்ல கேம், ஆனால் யோசிக்க விடாமல் கூட வருகிறவர்கள் குறிப்பு சொல்லிவிடுகிறார்கள் என்று பலரும் குறைப்பட்டார்கள். ‘ஷேடோ ஆஃப் தி டோம்ப் ரெய்டர்’ (2018) செய்தவர்கள் இன்னும் நேர்மையாக யோசித்தார்கள்: சண்டைக்கு, புதிருக்கு, தேடலுக்கு என்று கடினத்தைத் தனித்தனியே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். தேடலைக் கடினமாக வைத்தால் ஏறும் பாறைகளில் இருக்கும் வெள்ளைப் பூச்சுகூட மறைந்துவிடும். எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

இப்போது செய்ய வேண்டியது. படம் வரைவதை நிறுத்து. வெறும் சாம்பல் நிறக் கட்டைகளை வைத்து ஒரு மண்டபம், ஒரு கிணறு, ஒரு ஓடை, தண்ணீர் தேங்கிய ஒரு முற்றம் கட்டு. எதிரி இரண்டு வகை போதும்: ஒருவன் கண்ணுக்குத் தெரிந்து மெதுவாக வருகிறவன், மற்றவன் பிம்பத்தில் மட்டும் தெரிகிறவன். இருவரும் சேர்ந்து வரும் கட்டத்தைக் கடைசியில் வை. கேம் ஆடிப் பழகாத ஒருவரை உட்கார வை. அக்காவையே உட்காரச் சொல். பக்கத்தில் நின்று வாயைத் திறக்காதே. எங்கே நின்றார், எதைப் பார்க்காமல் தாண்டினார், எங்கே பெருமூச்சு விட்டார் என்று மட்டும் எழுதிக்கொள். அந்தக் குறிப்பையும் கட்டை வடிவத்தையும் சேர்த்து எனக்கு அனுப்பு. ஓட்டை உடைசலாக இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே அனுப்பு. அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு செய்தால் போதும்.

அன்புடன்,
மாமா