கடற்படைக்கு விண்ணப்பிக்கும் முன்

இந்தியக் கடற்படையில் மாலுமியாகச் சேர விரும்புவோருக்கு அக்னிவீர் திட்டத்தில் இரண்டு முக்கிய வழிகள் உண்டு. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்தவர்களுக்கும் குறிப்பிட்ட டிப்ளமோ முடித்தவர்களுக்கும் எஸ்எஸ்ஆர். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு எம்ஆர். எம்ஆரில் சமையல், உணவு பரிமாறுதல், சுகாதாரப் பணிகள்தான் பெரும்பாலும் கிடைக்கும். பிளஸ் டூ படிக்க வாய்ப்பிருந்தால் படித்துவிட்டு எஸ்எஸ்ஆருக்குப் போங்கள் என்பதே என் கருத்து. திருமணம் ஆகியிருக்கக் கூடாது. வயது பொதுவாகப் பதினேழரை முதல் 21 வரை. பெண்களும் சேரலாம்.

முதலில் கம்ப்யூட்டர் தேர்வு. எஸ்எஸ்ஆருக்கு ஒரு மணி நேரத்தில் 100 கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ் வழியில் படித்தவர்கள் நம் பாடநூல் கழகத்தின் ஆங்கிலவழி இயற்பியல், கணிதப் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் பாதிக் கவலை தீரும்.

நன்றாகப் படித்த பிள்ளைகளே கோட்டை விடுவது அதற்குப் பிறகு வரும் உடற்தகுதித் தேர்வில்தான். ஆண்கள் 1.6 கி.மீ. தூரத்தை ஆறரை நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் மைதானத்தில் நான்கு சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 97 விநாடி. பெண்களுக்கு எட்டு நிமிடம். பஸ்கி, தண்டால் போன்ற பயிற்சிகளும் உண்டு. அழைப்பு வந்த பிறகு ஓடத் தொடங்கினால் முழங்கால்தான் வலிக்கும். விண்ணப்பித்த அன்றே கையில் கடிகாரத்தோடு மைதானத்தில் இறங்குங்கள்.

மருத்துவப் பரிசோதனைக்கும் முன்கூட்டியே தயாராகலாம். காதில் அடைத்திருக்கும் குறும்பியையும் பல்லில் படிந்திருக்கும் காரையையும் அகற்றிவிட்டு வாருங்கள் என்று அறிவிப்பிலேயே சொல்கிறார்கள். அரசு மருத்துவமனையில் ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை. அப்படியே கண் பிரிவுக்கும் போய்ப் பார்வையையும் நிறம் பிரித்தறியும் திறனையும் சோதித்துக்கொள்ளுங்கள். நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால் பயிற்சியால் சரிசெய்ய முடியாது. மாதக்கணக்கில் உழைப்பதற்கு முன்பே அது தெரிந்துவிடுவது நல்லது.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர் என்று இருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் திண்டாட நேரும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடி மற்ற ஆவணங்களை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். தேர்வுக் கட்டணம் தவிர, வேலைக்கென்று யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. “ஆள் இருக்கு, பணம் கொடுத்தால் முடிச்சுத் தர்றேன்” என்று யார் வந்தாலும் நம்பாதீர்கள்.

தேர்வானால் ஒடிசாவில் உள்ள ஐஎன்எஸ் சில்காவில் பயிற்சி. முதலாண்டுச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். அதில் 9,000 சேவா நிதிக்குப் போக, 21,000 கைக்கு வரும். நிதிக்குப் பிடித்த அளவு பணத்தை அரசும் போடுகிறது. நான்காண்டுப் பணியின் முடிவில் சுமார் 10.04 லட்சமும் வட்டியும் கிடைக்கும். ஓய்வூதியம் இல்லை. அதிகபட்சம் நான்கில் ஒருவருக்கே பணி நீடிக்கும். வீட்டில் பெரியவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லிவிட்டு விண்ணப்பியுங்கள். பணியில் இருக்கும்போதே படிப்பைத் தொடருங்கள். பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியே பிளஸ் டூ சான்றிதழ் பெற ஏற்பாடு இருக்கிறது.