மீன் ஒன்றே சரக்கு, பேரம் பெரிது

கேள்வி: ஏற்றுமதி என்றாலே மீன்தான் என்றிருக்கும் ஒரு சின்ன நாடு, ஆலைகளும் பணமும் நிறைந்த பெரிய நாட்டோடு வியாபாரம் செய்தால், பெரியவர் சொன்னதுதான் விலை என்று ஆகிவிடாதா? ஐஸ்லாந்து பிரிட்டனை எதிர்த்து நின்றதாகப் படித்தேன். அன்றைக்கு இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டுக்கு அது எப்படி முடிந்தது?
– பொருளாதார மாணவி, நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் நீங்கள் சொல்கிறபடிதான் ஆகிறது. ஆனால் நாடு சின்னது என்பதைவிட, சரக்கு அழுகக்கூடியது என்பதே இதற்கு முக்கியக் காரணம் என்பேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ காலையில் போய் நின்று பாருங்கள். படகுக்காரருக்கு வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். வியாபாரிக்கு அந்த அவசரம் கிடையாது. ஏலத்தில் யார் குரல் தணிகிறது என்பதை அந்த அவசரமே முடிவு செய்கிறது. நாடுகளுக்கு இடையிலும் நடப்பது இதேதான்.

ஐஸ்லாந்து கடலில் கிடைக்கும் முக்கிய மீன் காட். மருந்துக் கடையில் ‘காட் லிவர் ஆயில்’ என்று பாட்டிலில் பார்த்திருப்பீர்களே, அதே காட்தான். 1950களில் அந்த நாட்டின் சரக்கு ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீனும் மீன் பொருள்களும்தான். கோதுமை, எண்ணெய், மரம், இயந்திரம் எல்லாமே வெளியிலிருந்து வந்தாக வேண்டும். ஐஸ் போட்ட மீனுக்குப் பெரிய சந்தை பிரிட்டன். இழுவைக் கப்பல்கள் நேராக ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களுக்குப் போய்ச் சரக்கை இறக்கும். அங்கே ஏலம் நடக்கும். ஒரே நாளில் நான்கு கப்பல் வந்துவிட்டால் விலை விழும். வாங்குகிறவரின் ஊரில், வாங்குகிறவரின் கூடத்தில், உருகிக்கொண்டிருக்கும் ஐஸோடு நடக்கிற வியாபாரம் அது.

1952-ல் ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை நான்கு கடல் மைலாக நீட்டியது. தலைநகர் ரேக்யவிக்கை ஒட்டிய ஃபாக்ஸாஃப்ளோய் போன்ற வளைகுடாக்களையும் வெளிநாட்டு இழுவைக் கப்பல்களுக்கு மூடியது. குஞ்சு மீன்கள் அழிகின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம், அது உண்மையும்கூட. அந்தக் கரையோரத்தில் தலைமுறைகளாக மீன் பிடித்துவந்த பிரிட்டிஷ் கப்பல் முதலாளிகள் கொதித்துப்போனார்கள். ஐஸ்லாந்துக் கப்பல் எதுவும் தங்கள் துறைமுகத்தில் மீன் இறக்கக் கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். கவனியுங்கள், இது பிரிட்டன் அரசு போட்ட தடையில்லை. மீனை இறக்கும் சாதனங்கள், ஐஸ், வியாபாரிகளோடு இருந்த உறவு எல்லாம் அந்த முதலாளிகளின் பிடியில் இருந்தன. அதுவே போதுமானதாக இருந்தது. 1953-ல் ஜார்ஜ் டாசன் என்ற லண்டன் தொழிலதிபர் தடையை உடைத்து ஐஸ்லாந்து மீனை கிரிம்ஸ்பியில் இறக்கிப் பார்த்தார். சில கப்பல்களுக்கு மேல் அவராலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

ஏற்றுமதியில் மீனைத் தவிர வேறொன்றும் இல்லாத நாடு இந்த இடத்தில் மண்டியிட்டிருக்க வேண்டும். மண்டியிடாததற்குக் காரணம், கடற்படையோ வீராவேசமோ இல்லை. உறைய வைக்கும் ஆலைகள்!

இரண்டாம் உலகப்போரின்போதே ஐஸ்லாந்தின் சிறு துறைமுகங்களில் இவை முளைக்கத் தொடங்கியிருந்தன. 1942-ல் ஆலை உரிமையாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டு விற்பனை நிறுவனம் அமைத்தார்கள். ஆலைக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். அடியிலிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேசைகள். இருபுறமும் பெண்கள் நின்று, முள்ளெடுத்த சதைத்துண்டை வெளிச்சத்தின் மேல் விரித்துப் பார்ப்பார்கள். காட் மீனின் சதைக்குள் சுருண்டு கிடக்கும் புழு அந்த வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும். கத்தி முனையால் எடுத்துவிடுவார்கள். பிறகு துண்டுகளை அட்டைப் பெட்டியில் இடைவெளி இல்லாமல் அடுக்கி, குளிர்த் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். செங்கல் மாதிரிக் கெட்டியாக வெளியே வரும். இன்று விலை சரியில்லையா, அடுத்த மாதம் விற்கலாம். ஒரு வாடிக்கையாளர் முறைத்துக்கொண்டாரா, கடல் தாண்டி இன்னொருவருக்கு அனுப்பலாம். வாங்குகிறவரின் கையிலிருந்த கடிகாரத்தை விற்கிறவர் பிடுங்கிக்கொண்ட இடம் அதுதான்.

அந்தப் பெட்டிகள் அமெரிக்காவுக்குப் போயின. வெறும் கட்டியாக விற்றதோடு அவர்கள் நிற்கவில்லை. மேரிலாந்து மாநிலத்தில் சொந்த ஆலை வைத்து, மாவு தோய்த்த மீன் துண்டுகளாக்கிப் பள்ளிகளுக்கும் உணவகங்களுக்கும் விற்றார்கள். கச்சாப் பொருளுக்குக் குறைந்த சுங்கவரி, பக்குவம் செய்த பொருளுக்குக் கூடுதல் வரி என்பது பணக்கார நாடுகளின் பழைய வழக்கம். அந்த வரிச் சுவருக்கு உள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

இன்னொரு வாடிக்கையாளர் தானாக வந்தார்: சோவியத் யூனியன். 1953 ஒப்பந்தப்படி ஐஸ்லாந்தின் உறைந்த மீனும் உப்பிட்ட ஹெர்ரிங் மீனும் அங்கே போயின, பதிலுக்குப் பெட்ரோலும் எண்ணெயும் வந்தன. டாலர் தேவையில்லை, இரண்டு பக்கமும் கணக்கு எழுதி நேர் செய்துகொள்ளும் பண்டமாற்று. ஐஸ்லாந்தோ 1949-ல் நேட்டோவைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று. கெஃப்லாவிக்கில் அமெரிக்கப் படைத்தளம் வேறு. அப்படிப்பட்ட நாட்டின் கப்பல்களும் வண்டிகளும் சோவியத் எண்ணெயில் ஓடுகின்றன என்பது லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் எவ்வளவு உறுத்தியிருக்கும்! 1956-ல் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. நான்கு மைல் எல்லை அப்படியே இருந்தது. கதவைச் சாத்தியவர்கள் அந்த நான்கு ஆண்டுகளில் தங்கள் ஏலக்கூடத்தை நம்பியிருந்த ஒரு நாட்டை, அதை நம்பத் தேவையில்லாத நாடாக மாற்றிவிட்டார்கள்.

இதை மட்டும் படித்துவிட்டு ஐஸ்லாந்து எல்லாவற்றையும் வென்றது என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். 1960களின் கடைசியில் ஹெர்ரிங் கூட்டம் அந்தக் கடலிலிருந்தே மறைந்தது. அளவில்லாமல் பிடித்ததும் நீர் குளிர்ந்ததும் சேர்ந்து செய்த வேலை. அமெரிக்காவில் மீன் விலையும் அதே நேரம் சரிந்தது. 1967, 1968 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் நாணய மதிப்பைக் குறைக்க வேண்டியிருந்தது. எத்தனை வாடிக்கையாளர் இருந்தாலும், விற்க மீன் இல்லையென்றால் என்ன செய்ய முடியும்?

கேள்வி: ‘காட் போர்’ என்று சொல்கிறார்களே, அதில் உண்மையில் வென்றது யார்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: மீன்பிடி எல்லையைப் பொறுத்தவரை ஐஸ்லாந்து. 1958-ல் 12 மைல், 1972-ல் 50, 1975-ல் 200 என்று நீட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு முறையும் பிரிட்டன் போர்க்கப்பல்களை அனுப்பியது. ஒவ்வொரு முறையும் கடைசியில் இறங்கி வந்தது. 1972-லிருந்து ஐஸ்லாந்தின் ரோந்துக் கப்பல்கள், இழுவைக் கப்பலுக்குப் பின்னால் குறுக்காகப் போய், வலையை இழுக்கும் கம்பி வடத்தை அறுத்துவிடும் கொக்கியைப் பயன்படுத்தின. வலை போனால் கப்பல் கடலில் நின்று என்ன பயன்? 1976 ஜூன் 1 அன்று ஆஸ்லோவில் உடன்பாடு ஆனது. ஒரு நாளில் சராசரியாக 24 பிரிட்டிஷ் கப்பல்களுக்கு மட்டும் ஆறு மாத அனுமதி, அதோடு சரி.

இந்தக் கடைசிக் கட்டத்தில் கெஃப்லாவிக் தளம் பெரிய துருப்புச்சீட்டாக இருந்தது. நேட்டோவை விட்டே விலகுவோம் என்ற பேச்சு எழுந்ததும் அமெரிக்கா பதறியது. உலகில் மீனை நம்பி வாழும் மற்ற நாடுகளுக்கு இந்த வசதி கிடையாது, ஆகவே 1976-ஐ யாரும் அப்படியே பின்பற்ற முடியாது. 1952-க்குப் பிறகு செய்ததை, அதாவது மீனை உறைய வைத்து வேறு வாடிக்கையாளரைத் தேடியதைப் பின்பற்றலாம்.

தோற்றது யார் என்றும் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன். ஹல், கிரிம்ஸ்பி, ஃப்ளீட்வுட் ஊர்களின் மீனவத் தொழிலாளிகள் தோற்றார்கள். கப்பல் முதலாளிகளுக்குக் கப்பலை உடைக்க அரசு உதவி கிடைத்தது. பனிக்காற்றில் வடத்தில் கை வைத்து உழைத்தவர்களுக்கோ, ‘நீங்கள் நிரந்தரத் தொழிலாளி இல்லை, ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகச் சேர்ந்தவர்கள்’ என்று சொல்லி வேலையிழப்பு ஈட்டுத்தொகை மறுக்கப்பட்டது. பிரிட்டன் அரசு அவர்களுக்கென்று ஈட்டுத் திட்டம் அறிவித்தது 2000-ல். அதற்குள் பலர் இறந்துபோயிருந்தார்கள். ஐஸ்லாந்தின் பக்கம் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. அதற்காக இந்த அநியாயத்தைக் கடந்துபோக மனம் வரவில்லை. இரு நாடுகளின் சண்டைக்கு விலை கொடுத்தவர்கள் ஒரே தொழிலைச் செய்த மனிதர்கள்.

கேள்வி: சண்டை போட்ட பிறகு இரண்டு நாட்டுக்கும் மீன் வியாபாரம் நின்றுவிட்டதா?
– சிறு வணிகர், கும்பகோணம்

பதில்: நிற்கவில்லை. பிரிட்டனில் மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் தின்னும் பழக்கம் எந்த ஒப்பந்தத்தையும்விட வலியது. கப்பல்கள் போனாலும், மீனை அறுத்துப் பக்குவம் செய்யும் கைகளும் குளிர்சாதனக் கிடங்குகளும் கிரிம்ஸ்பியில் மிஞ்சின. அவற்றுக்கு மீன் வேண்டும். முன்பு ஹல் கப்பல்கள் ஐஸ்லாந்துக் கடலுக்குப் போய்ப் பிடித்ததை, இப்போது ஐஸ்லாந்துக்காரர்களே பிடித்துக் கொள்கலனில் ஏற்றி அனுப்புகிறார்கள். கிரிம்ஸ்பியில் பக்குவப்படுத்தும் மீனில் பெரும்பகுதி இன்றும் ஐஸ்லாந்து, நார்வே மீன்தான். அந்த ஊர் ஆலைகள் சிலவற்றை ஐஸ்லாந்து நிறுவனங்களே வாங்கி நடத்தியதும் உண்டு.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும் முதல் வேலையாக ஒரு தற்காலிக ஏற்பாடு செய்துகொண்டு, 2021 ஜூலையில் ஐஸ்லாந்து, நார்வே, லீக்டன்ஸ்டைன் நாடுகளோடு சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதற்கு முன்பு 2008-ல் ஐஸ்லாந்தின் வங்கிகள் கவிழ்ந்தபோது, பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் பிரிவைப் பயன்படுத்தி ஓர் ஐஸ்லாந்து வங்கியின் சொத்துகளை பிரிட்டன் முடக்கியது. காட் போரைவிட அந்த அவமானம் ஐஸ்லாந்து மக்களை அதிகம் புண்படுத்தியது என்று நினைக்கிறேன். அப்போதும் மீன் போய்க்கொண்டுதான் இருந்தது.

ஒரு மாற்றம் உண்டு. இன்று ஐஸ்லாந்தின் சரக்கு ஏற்றுமதியில் மீனின் பங்கு பாதிக்கும் கீழே. அருவிகளிலிருந்தும் பூமிச்சூட்டிலிருந்தும் மின்சாரம் எடுத்து அலுமினியம் உருக்குகிறார்கள், சுற்றுலாவும் வளர்ந்திருக்கிறது. 2015-ல் ரஷ்யா, மேற்கு நாடுகளின் பொருளாதாரத் தடைக்குப் பதிலடியாக ஐஸ்லாந்து உணவுப் பொருள்களை வாங்குவதை நிறுத்தியது. கானாங்கெளுத்தி இனத்து மீன் விற்பனை பலமாக அடிவாங்கியது. 1953-ல் கைகொடுத்த அதே சந்தை! ஆனாலும் நாடு ஆட்டம் காணவில்லை.

கேள்வி: காட் மீனின் தலையை என்ன செய்கிறார்கள்?
– இல்லத்தரசி, புதுச்சேரி

பதில்: நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். பூமிச்சூட்டில் கிடைக்கும் வெந்நீரைக் கொண்டு தலையையும் எலும்பையும் கூடத்துக்குள்ளேயே உலர்த்தி, மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றுகிறார்கள். அங்கே குழம்புக்கு அதுதான் ருசி கொடுக்கும். மீன் தலைக் குழம்பின் அருமை தெரிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் ஊர்த் தோணிகள் காலங்காலமாக மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகின்றன. அதுவும் மீனை நம்பிய நாடுதான். ஐஸ்லாந்து செய்ததை அவர்களால் ஏன் செய்ய முடியவில்லை?
– கப்பல் முகவர் அலுவலக ஊழியர், தூத்துக்குடி

பதில்: முயன்றார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த சீட்டுகள் வேறு.

சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் கல் போலக் காயவைத்த மாசிதான் மாலத்தீவின் பழைய செல்வம். கெடாத சரக்கு, எனவே அவசரம் இல்லை. ஆனால் வாங்கியது ஏறக்குறைய ஒரே நாடு: இலங்கை. சம்பலில் மாசி விழாத வீடு அங்கே அரிது. 1970களின் தொடக்கத்தில் அன்னியச் செலாவணி நெருக்கடி வந்ததும் இலங்கை மாசி இறக்குமதியை வெட்டியது. மாலத்தீவின் ஏற்றுமதியே படுத்துவிட்டது. அப்போது ஜப்பானிய நிறுவனங்களின் குளிர்சாதனக் கப்பல்கள் வந்து, படகுகளிலிருந்து பச்சை மீனாகவே வாங்கத் தொடங்கின. 1974-லிருந்து தோணிகளுக்கு இயந்திரம் பொருத்தப்பட்டது, பிடிப்பும் கூடியது. ஆனால் கெடாத மாசியை விற்றவர்கள் கெடும் மீனை விற்கிறவர்களாக மாறினார்கள். குளிர்சாதனம் வாங்குகிறவரின் கப்பலில் இருந்தது. ஐஸ்லாந்து நடந்த பாதைக்கு நேர் எதிர்த்திசை இது.

1978-ல் ஃபெலிவாரு தீவில் ஜப்பானியர் உதவியோடு டின் மீன் ஆலை வந்தது. இருந்தும் இன்றுவரை சூரையில் பெரும்பங்கு உறைந்த முழு மீனாகத் தாய்லாந்துக்குப் போய், அங்கேதான் டின்னில் அடைபடுகிறது. ஏன் என்று கேட்டால் அளவு, கூலி என்று பல காரணம் சொல்வார்கள். வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011-ல் மாலத்தீவு, ஐ.நா.வின் மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேறியது. மூன்று ஆண்டு அவகாசம் முடிந்து, 2014 தொடக்கத்திலிருந்து, அந்தப் பட்டியல் நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் வரிச் சலுகை நின்றது. டின் சூரைக்கு 24 சதவீதச் சுங்கவரி விழுந்தது. நாட்டின் வருமானத்தை உயர்த்தியது சுற்றுலா விடுதிகள். வரி விழுந்தது மீனவர் தலையில்.

அதே இந்தியப் பெருங்கடலில் சேஷெல்ஸ், மொரீஷியஸ் நாடுகளின் டின் சூரை வேறொரு ஒப்பந்தத்தின்படி வரியின்றி ஐரோப்பாவுக்குள் போகிறது. அதில் பெரும்பகுதி, ஐரோப்பியப் பெருங்கப்பல்கள் சுருக்குவலையால் மொத்தமாக வளைத்துப் பிடித்த மீன். மாலத்தீவுக்காரர் தோணியின் பின்பக்கம் நின்று, கழித் தூண்டிலால் ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் போடுகிறார். கடலுக்குக் குறைந்த தீங்கு செய்யும் அந்த முறையை ஐரோப்பியக் கடைகள் லேபிளில் பெருமையாக அச்சடித்து விற்கின்றன. ஆனால் வரி அட்டவணையில் மீன் எப்படிப் பிடிபட்டது என்பதற்குத் தனி வரிசை கிடையாது, எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதற்கு மட்டுமே உண்டு.