சுரங்கப் புளிப்பு நீரும் அதில் வாழும் நுண்ணுயிர்களும்

புளிப்பு மிகுந்த ஊறுகாய் எளிதில் கெடுவதில்லை. பண்டங்களைக் கெடுக்கும் கிருமிகள் புளிப்பில் பிழைக்கமாட்டா என்பதே அதற்குக் காரணம். இவ்வனுபவத்தைக் கொண்டு பார்த்தால், கந்தகத் திராவகம் கலந்த சுரங்க ஜலத்தில் உயிர் எதுவும் இராது என்றே எவரும் எண்ணுவர். உண்மையோ வேறு. மீனும் தவளையும் அணுகாத அந்நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்ந்து விருத்தியாகின்றன. அன்றியும், அந்நீர் அவ்வளவு புளிப்பதற்கே பெரும்பாலும் அவைதாம் காரணம்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிக் குடியானவர்களுக்கு இவ்விஷயம் அந்நியமானதன்று. கிருஷ்ணகிரிக்கு வடக்கே, கர்நாடக எல்லைக்கப்பால் கோலார் தங்கவயல் உள்ளது. 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்க வேலை நடத்தினர். தமிழ்நாட்டு ஜில்லாக்களிலிருந்து சென்ற தொழிலாளர் பல்லாயிரவர் அதில் உழைத்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அரைத்துக் கழித்த மண் 3 கோடி டன்னுக்கு மேல் அங்கே குன்றுகளாகக் கிடக்கிறது. ஜனங்கள் இவற்றைச் சயனைடு மேடுகள் என்பர். தங்கவயலின் பாறை வரிசை தெற்கே நீண்டு கிருஷ்ணகிரி ஜில்லாவின் வடபாகம் வரை வருகிறது. அதன் மேற்குப் பக்கத்துத் தாதுக்களில் இரும்பும் கந்தகமும் கூடிய கற்கள் மிகுதி.

புளிப்பு உண்டாகும் விதம்

இரும்பும் கந்தகமும் கூடிய கற்களுள் முக்கியமானது பைரைட் என்பது. பொன்போல் மினுங்குவதால் இதைத் தங்கமென்று எண்ணி ஏமாந்தவர் பலர். பூமிக்குள் காற்றுப்படாமல் கிடக்கும்வரை இதனால் தீங்கில்லை. தோண்டி வெளியே போட்டபின் காற்றும் மழைநீரும் பட்டால் இதிலுள்ள கந்தகம் திராவகமாக மாறுகிறது. இரும்பு கரைந்து வெளிப்படுகிறது. கரைந்த இரும்பு காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, மீண்டும் கல்லைத் தாக்கி மேலும் திராவகத்தை உண்டாக்குகிறது. ஒன்றை ஒன்று தூண்டும் இச்சுழற்சி கல் தீரும்வரை நடக்கும்.

புளிப்பு மிக்க நீரில் இரும்பு பிராணவாயுவை ஏற்பது தானாக நடந்தால் மிகவும் மந்தமாகவே நடக்கும். நுண்ணுயிர்கள் அவ்வேகத்தைச் சுமார் 10 லட்சம் மடங்கு அதிகரிக்கச் செய்யும் என்று 1970-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான சிங்கரும் ஸ்டம்மும் கணக்கிட்டனர்.

புளிப்பின் அளவைப் பி.எச். என்னும் எண்ணால் குறிப்பர். சுத்த ஜலத்துக்கு 7. எலுமிச்சம்பழச் சாற்றுக்கு 2-க்குச் சற்று மேல். எண் ஒன்று குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு ஏறும். ஸ்பெயின் தேசத்து ரியோ டின்டோ ஆற்றின் நீர் ஏறக்குறைய 2 அளவுள்ளது. கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 3.6 என்ற அளவு காணப்பட்டது.

இந்நுண்ணுயிர்கள் எவை?

கந்தகத்தைத் திராவகமாக்கும் பாக்டீரியா ஒன்றை, நியூஜெர்ஸி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வாக்ஸ்மன், ஜோஃபி என்போர் கண்டறிந்து 1922-ஆம் ஆண்டில் விவரித்தனர். 1947-இல் கோல்மர், ஹிங்கிள் என்போர் நிலக்கரிச் சுரங்க நீரில் இரும்பை உண்டு வாழும் பாக்டீரியாவைக் கண்டனர். இவ்விரண்டும் இப்போது அசிடிதயோபாசில்லஸ் என்னும் இனத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. பிந்தியது, பயிர்களைப்போலக் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொண்டு தன் உடலை வளர்க்கிறது; தழைச்சத்தையும் காற்றிலிருந்தே சேர்க்க வல்லது. சூரிய வெளிச்சம் மாத்திரம் அதற்கு வேண்டியதில்லை. இரும்பையும் கந்தகத்தையும் மாற்றும்போது கிடைக்கும் சக்தியே போதும்.

பிழைக்கும் உபாயங்கள்

வெளிநீர் 2 அளவில் புளித்திருந்தாலும் இவ்வுயிர்களின் உள்ளே பி.எச். 6.5 அளவில் நிற்கிறது. அதாவது, உள்ளிருப்பதைவிட வெளியே புளிப்பு சுமார் 30,000 மடங்கு மிகுதி. இவை புளிப்பைத் தாங்குவதைக் காட்டிலும், அதை உள்ளே விடாமல் காப்பதே வழக்கம் எனலாம். ஏரி நீர் ஊருக்குள் புகாமல் காக்கும் முறையை இதற்கு ஒப்பிடலாம்.

முதலாவது, கரை உறுதியாக வேண்டும். இவற்றின் மேற்சவ்வு மற்ற உயிர்களின் சவ்வைவிட நெருக்கமானது. புளிப்பணுக்கள் எளிதில் ஊடுருவா.

இரண்டாவது, பொட்டாசியத்தை உள்ளே சேர்த்து வைப்பதால் சவ்வின் உட்புறம் நேர்மின்சாரம் ஏறி நிற்கிறது. புளிப்பணுக்களும் நேர்மின்சாரமுடையவை. ஆதலால் அவை எதிர்த்துத் தள்ளப்படுகின்றன.

மூன்றாவது, கசிந்த நீரை இறைப்பதுபோல, உள்ளே வந்தவற்றை வெளியேற்றும் அமைப்புகள் உண்டு. மதகின் வழியே வரும் நீரைக்கொண்டு சக்கரம் சுற்றுவதுபோல, உட்புகும் புளிப்பணுக்களின் வேகத்தைக்கொண்டு ஜீவசக்தியும் சேர்க்கப்படுகிறது. அவ்வணுக்கள் இறுதியில் பிராணவாயுவுடன் கூடி வெறும் ஜலமாகிவிடுகின்றன.

நான்காவது, செம்பு, பாஷாணம் முதலிய நச்சுலோகங்களை வெளித்தள்ளவும், பழுதான உட்கருவிகளைச் செப்பனிடவும் இவற்றுக்குத் திறமை உண்டு. பாறைமேல் வழவழப்பான படலமாகச் சேர்ந்து வாழ்வதும் ஒரு காப்பே.

இத்தனைக் காப்பிருந்தும் காடியின் புளிப்பு இவற்றைக் கொன்றுவிடும். அப்புளிப்பு மின்சாரமற்ற உருவில் சவ்வைக் கடந்து உட்சென்று, அங்கே புளிப்பணுவை விடுவிக்கிறது. கந்தகத் திராவகத்தில் நீந்தும் உயிர் காடியில் மடிவதன் காரணம் இதுவே.

நன்மையும் தீமையும்

கந்தகக் கல்லுக்குள் அடைபட்ட தங்கத்தை விடுவிக்க இந்நுண்ணுயிர்களைத் தொட்டிகளில் வளர்க்கும் முறை 1986-இல் தென் ஆப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கத்தில் தொடங்கிற்று. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் கே. ஏ. நடராஜன் இத்துறையில் நீண்டகாலம் ஆராய்ச்சி செய்தவர். விவசாயத்திலும் இவற்றால் உபயோகம் உண்டு. பீஹாரின் அம்ஜோர் பைரைட்டைத் தூளாக்கிக் களர் நிலங்களில் இட்டுச் சீர்திருத்தியிருக்கிறார்கள். மண்ணில் உண்டாகும் திராவகம் அங்குள்ள சுண்ணாம்பைக் கரைக்க, அது சோடியத்தை விலக்குகிறது.

ஆனால் கட்டுக்கடங்காத இடத்தில் நேர்வது நாசமே. மேகாலயாவின் ஜைந்தியா மலைகளில் கந்தகம் மிகுந்த நிலக்கரியை எலிவளை போன்ற குழிகளிலிருந்து எடுத்ததனால் ஓடைகள் புளித்தன. லூக்கா நதியில் மீன்கள் மாண்டன. 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அம்முறையைத் தடுத்தது.

கவனிக்க வேண்டியவை

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல் குவாரிகளில் கந்தகக் கல் அருமை. ஆதலால் அக்குட்டை நீர் பொதுவாக இவ்விதம் புளிப்பதில்லை. தாதுக்குழி, கழிவு மேடு ஆகியவற்றின் கசிவு நீரே சந்தேகத்துக்குரியது. சுற்றிலும் சுண்ணாம்புச் சத்துள்ள பாறையிருந்தால் புளிப்பு அடங்கவும் கூடும். ஆகவே ஊகத்தால் முடிவு செய்யலாகாது.

1. நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தும் மீன், தவளை இன்றி, அடியில் காவி நிறப் படிவு இருந்தால் அதைப் பாய்ச்சுவதை உடனே நிறுத்துக. நீல லிட்மஸ் காகிதம் அதில் சிவந்தால் புளிப்பு உண்டு.

2. சுத்தமான பாட்டிலை அந்நீராலேயே மும்முறை அலசி, ஒரு லிட்டர் நிரப்பி, இடமும் தேதியும் குறித்துப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புக. பாசனத்துக்கு ஏற்ற அளவு 6.5 முதல் 8.4 வரை. புளிப்பு ஏறிய மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்களைக் கருக்கும்.

3. சுண்ணாம்பு இட்டால் புளிப்பு குறையும். நச்சுலோகங்கள் நீங்கின என்று அதனால் கொள்ளலாகாது. லோகப் பரிசோதனை முடியுமுன் தக்காளிக்கோ மாவுக்கோ அந்நீரைப் பாய்ச்ச வேண்டாம். தொட்டியில் படியும் சேற்றை வயலில் இடவும் கூடாது.

4. கழிவு மேட்டு மணலை வயல் மேடாக்கவோ பாதை போடவோ வண்டியேற்ற அனுமதியாதிருப்பது கிராம அதிகாரிகளின் பொறுப்பு. கிளறிய மணலில் காற்றுப் புகும். காற்றுப் புகுந்தால் நுண்ணுயிர்களுக்கு உணவு கிடைக்கும்.

காற்றையும் கந்தகக் கல்லையும் சேரவிடாமல் பிரித்து வைப்பதே இதற்கு நிலைத்த பரிகாரம். கழிவைக் கெட்டியான மண்ணால் மூடிப் புல் வளர்ப்பதும், மழைநீர் அதன்மேல் பாயாமல் வாய்க்கால் வெட்டித் திருப்புவதும் இதன் பொருட்டே. புளித்தபின் சுண்ணாம்புக்குச் செலவிடுவதைக் காட்டிலும், புளிக்குமுன் மேட்டை மூடுவது சிக்கனமாகும்.