நெட் வந்ததா? போனதா? – ஓர் அனுபவப் பாடம்



"நெட் இல்லைன்னா ஆப் ஓடாது, அவ்வளவுதானே?" என்று நானும் சொல்லித் திரிந்தவன்தான். அந்த அலட்சியத்தால் என் நண்பனுக்கு ஹால் டிக்கெட்டே கிடைக்காமல் போயிருக்கும். அதிலிருந்து நான் கற்ற பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் புராஜெக்ட், ஒர்க்‌ஷாப் ஸ்டோர்ஸுக்கான வெப் அப்ளிகேஷன். யார் எந்தக் கருவியை வாங்கினார், எப்போது திருப்பினார் என்று பதிவு செய்யும். சர்வர் வெளியூரில், ஸ்டோர்ஸோ தகரக் கூரைக்கு அடியில். அங்கே வைஃபை வரும், போகும். ஒருநாள் நண்பன் வெர்னியர் காலிப்பரைத் திருப்பிக் கொடுத்தான். பட்டனை அழுத்தியதும் "பதிவாகிவிட்டது" என்று திரையில் வந்தது. ஆனால் அந்த நொடியில் நெட் இல்லை. சர்வரின் பதிலுக்குக் காத்திராமலே அப்படிக் காட்டும்படி எழுதியிருந்தவன் நான்!

செமஸ்டர் முடிவில் நோ டியூ வாங்கப் போனால், காலிப்பர் அவன் பெயரில் நிலுவை. "கொடுத்துட்டேன்டா, சத்தியமா" என்றான். நல்லவேளை, ஸ்டோர்ஸ் அண்ணன், "தம்பி, நான்தான் வாங்கி அலமாரியில வெச்சேன்" என்று எடுத்துக் காட்டினார். அவருக்கு ஞாபகம் இல்லாதிருந்தால்?

முதல் வைத்தியம்

பிரவுசரில் 'நேவிகேட்டர்.ஆன்லைன்' என்று ஒன்று உண்டு. இணைப்பு இருந்தால் 'ட்ரூ', இல்லாவிட்டால் 'ஃபால்ஸ்' என்று சொல்லும். நான் 'செட்இன்டர்வல்' போட்டு நொடிக்கு ஒருமுறை அதைக் கேட்கவைத்தேன். நாள் முழுக்க வெட்டி வேலை! இரண்டு கேள்விகளுக்கு நடுவே நெட் போய் வந்தால் அதுவும் தெரியாது.

அப்போதுதான் 8085 பாடம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு சாதனத்திடமும் "ரெடியா? ரெடியா?" என்று பிராசசர் கேட்டுக்கொண்டிருப்பது போலிங். சாதனமே கூப்பிட்டால், கையிலிருக்கும் கட்டளையை முடித்துவிட்டு, திரும்பும் முகவரியை ஸ்டாக்கில் வைத்துவிட்டுப் போய்க் கவனிப்பது இன்டரப்ட். பிரவுசரிலும் இதே வசதி உண்டு. 'ஆன்லைன்', 'ஆஃப்லைன்' என்று இரண்டு நிகழ்வுகள். 'விண்டோ'வில் 'ஆட்ஈவன்ட்லிஸ்னர்' போட்டு நம் ஃபங்ஷனைச் சொல்லி வைத்தால் போதும். நிலை மாறும்போது ஓடிக்கொண்டிருக்கும் கோடை முடித்துவிட்டு பிரவுசரே அதைக் கூப்பிடும்.

செய்யவேண்டியவை

1. நிகழ்வு, நிலை மாறும்போது மட்டுமே வரும். ஆகவே பக்கம் திறந்ததும் ஒருமுறை நிலையை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. ஒவ்வொரு பதிவையும் முதலில் 'இன்டெக்ஸ்டு டிபி'யில் வரிசையாக வைக்கவேண்டும். டேபை மூடித் திறந்தாலும் அது இருக்கும். திரையில் "இன்னும் அனுப்பவில்லை" என்று உண்மையைச் சொல்லவேண்டும்.

3. ஆன்லைன் நிகழ்வு வந்ததும் பழையதிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பவேண்டும். சர்வர் "பெற்றேன்" என்று சொன்ன பிறகே வரிசையிலிருந்து நீக்கவேண்டும்.

4. வைஃபை விட்டு விட்டு வந்தால் நிகழ்வும் திரும்பத் திரும்ப வரும். ஒரு அனுப்பல் நடக்கும்போது இன்னொன்று தொடங்காதபடி ஒரு ஃப்ளாக் வைக்கவேண்டும்.

இரண்டாவது அடி

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒருநாள் ரௌட்டர் வரை வைஃபை நன்றாக இருந்தது. அதற்கு அப்பால் பிராட்பேண்ட் லைன் செத்துப்போயிருந்தது. ஆஃப்லைன் நிகழ்வு வரவே இல்லை! காரணம் என்ன? 'ஃபால்ஸ்' என்றால் நெட் இல்லை என்று நம்பலாம். 'ட்ரூ' என்றால் ஏதோ ஒரு நெட்வொர்க்கில் இணைந்திருக்கிறோம் என்றுதான் பொருள். சர்வர் எட்டுகிறது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. கதவு திறந்திருப்பதை வைத்து வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

எனவே, நிகழ்வு ஒரு தகவல் மட்டுமே. சர்வரின் பதில்தான் சாட்சி. ஒவ்வொரு அனுப்பலுக்கும் கால வரம்பு வைத்தேன். பதில் வராவிட்டால் பதிவு வரிசையிலேயே இருக்கும். 2, 4, 8 நொடி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி முயலும். வரிசை காலியானதும் முயற்சி நின்றுவிடும்.

இதில் இன்னொரு பள்ளம் உண்டு. பதிவு சர்வரைச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால்? மறுபடி அனுப்பும்போது ஒரே காலிப்பர் இருமுறை திரும்பியதாகக் கணக்கு வரும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும், அது உருவாகும்போதே தனி எண் கொடுத்தேன். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாக எழுதாது. "ஏற்கெனவே பெற்றேன்" என்று மட்டும் சொல்லும்.

எப்படிச் சோதிப்பது?

பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில், நெட்வொர்க் பகுதியில் 'ஆஃப்லைன்' வைத்துப் பார்க்கலாம். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். வைஃபையை அப்படியே விட்டுவிட்டு, ரௌட்டருக்கு வரும் பிராட்பேண்ட் கேபிளை மட்டும் கழற்றிப் பாருங்கள். என் புரோகிராம் தோற்றது அங்கேதான்.

தம்பி தங்கைகளே! புராஜெக்ட் டெமோ நம் லேபில், நல்ல நெட்டில் நடக்கும். பயன்படுத்தப் போகிறவரோ தகரக் கூரைக்கு அடியில் இருப்பார். "பதிவாகிவிட்டது" என்று எழுதும் முன் ஒரு கணம் யோசியுங்கள். அந்தச் சொல்லை நம்பி ஒருவன் வீட்டுக்குப் போகிறான்.

– மூன்றாமாண்டு மாணவன், கம்ப்யூட்டர் துறை