பழைய சிஸ்டம்: மாற்றுவதா, தேற்றுவதா?

விண்டோஸ் 10-க்கு இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. ‘எல்லாத்தையும் மாத்திடுங்க சார்’ என்று கொட்டேஷனோடு கடையேறும் விற்பனையாளர்களுக்கு இது நல்ல சாக்கு. மொத்தமாகச் சரி சொல்லும் முன், எந்த சிஸ்டம் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டால் கணிசமான பணம் மிஞ்சும்.

ஈரோட்டில் நான்கு சிஸ்டம் வைத்திருக்கும் ஒரு ஜவுளி மொத்தக்கடை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் டேலி. இன்னொன்றில் லேபிள் டிசைனுக்குக் கோரல் டிரா. மீதி இரண்டில் மெயில், வாட்ஸ்அப், விலைப்பட்டியல், அவ்வளவுதான்.

முதலில் பிராசசரின் எண்ணைப் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கத்தில் இருக்கும். ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 காசில்லாமலே ஏறும். ஐ5-7400 என்றால் ஏழாம் தலைமுறை, முறைப்படி ஏறாது. எட்டாம் தலைமுறையாக இருந்தும் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று திரையில் வந்தால் பதற வேண்டாம். பல மதர்போர்டுகளில் அது பயாஸில் அணைந்து கிடக்கும். ஆன் செய்தால் போதும். இதற்குப் போய்ப் புது சிஸ்டம் வாங்குவது அநியாயம்.

ஏறாதவற்றுக்குப் பணம் கட்டி அப்டேட் வாங்கலாம். ஆனால் வீட்டு உபயோகத்துக்கான மலிவுத் திட்டம் தொழிலுக்குச் செல்லாது. நிறுவனங்களுக்கு, சிஸ்டம் ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்து 122, மூன்றாம் ஆண்டு 244. கூட்டினால் 427 டாலர்! அந்தத் தொகைக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் சிஸ்டமே வந்துவிடும். டேலி சிஸ்டத்தை வருடக் கணக்கு முடிகிற நேரத்தில் தொட வேண்டாம் என்று நினைப்பவர்கள் முதல் ஆண்டுக்கு மட்டும் கட்டலாம்.

மெயிலும் பட்டியலும் பார்க்கும் இரண்டுக்கும் லினக்ஸ் மின்ட், லிப்ரே ஆபீஸ் போதும். இரண்டும் இலவசம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்கினால் வேகத்தில் வித்தியாசம் உடனே தெரியும். ஏற்றுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, கடையின் பிரிண்டரில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. மேக்ரோ போட்ட எக்செல் கோப்புகள் சில நேரம் மக்கர் செய்யும். அதையும் அப்போதே திறந்து பார்க்கலாம். டேலிக்கும் கோரல் டிராவுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. அவற்றை லினக்ஸில் ஓட்ட மல்லுக்கட்டுவது நேர விரயம்.

அந்த இரண்டுக்கும் ரீஃபர்பிஷ்டு சிஸ்டம் பார்க்கலாம். சென்னை ரிச்சி தெருவில், பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட டெல், ஹெச்பி, லெனோவா சிஸ்டங்கள் கிடைக்கின்றன. விண்டோஸ் 11 ஓடுகிறது என்று காட்டினாலும் பிராசசர் எண்ணைக் கேட்க வேண்டும். விண்டோஸின் தகுதிச் சோதனையைத் தாண்டவைத்து ஆறாம் தலைமுறையிலும் அதை ஏற்றிவிட முடியும்.

டிசைன் வேலை கனமாக இருந்தால் மட்டும் புதிது. 40,000 ரூபாய் சிஸ்டத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 7,200 ரூபாய். வழக்கமான முறையில் பதிவு செய்தவர்கள் பில் வாங்கினால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்கு அடக்கம் 47,200-தான்.

கழித்த சிஸ்டத்தைக் காயலான் கடைக்குப் போடுவதானால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் கணக்கு மொத்தமும் அதில்தான் இருக்கிறது.